நிக்கோனா, கெனனா? பதுளைப் பிள்ளை கேட்ட கேள்வியும் ஒரு பழைய கதையும்



உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு இருக்கும் பிள்ளை ஒருவன் போன கிழமை எங்களிடம் வந்தான். பசறைப் பக்கத் தோட்டம். "சேர், கொஞ்சம் காசு சேத்து வச்சிருக்கேன். செகண்ட் ஹேண்ட்ல டிஎஸ்எல்ஆர் ஒன்னு வாங்கனும். நிக்கோன் நல்லதா, கெனன் நல்லதா?" பதில் சொல்லத் தொடங்கினோம். பேச்சு நூற்றைம்பது வருடம் பின்னால் போய்விட்டது.

ஜூலியா மார்கரெட் கமரொன் என்ற ஆங்கிலப் பெண்மணிக்கு மகளும் மருமகனும் ஒரு கமரா பரிசளித்தது 1863இல். அப்போது அவருக்கு 48 வயது. அதுவரை படம் எடுத்துப் பழகாதவர். கண்ணாடித் தட்டில் இரசாயனம் பூசி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவ வேண்டிய காலம் அது. டார்வினையும் கவிஞர் டெனிசனையும் எடுத்துப் புகழ் பெற்றார். கணவருக்கு இலங்கையில் கோப்பித் தோட்டங்கள் இருந்ததால் 1875இல் இங்கே வந்தார். 1879இல் டிக்கோயாவில் இறந்து பொகவந்தலாவையில் அடக்கமானார். இங்கே அவர் எடுத்தவற்றில் மிகச் சில படங்களே மிஞ்சியுள்ளன. இங்கிலாந்துப் படங்களில் ஆளின் பெயர் உண்டு. இங்கே எடுத்த உழைப்பாளிகளின் படங்களில் பெரும்பாலும் பெயர் இல்லை.

பிறகு கொழும்பில் ஸ்கீன், கண்டியில் ஸ்கோவன், 1890இல் தொடங்கிய பிளாட்டே என்று ஸ்டூடியோக்கள் வந்தன. அதே 1890இல்தான் லிப்டன் நம்ம அப்புத்தளைப் பக்கம் தம்பேதென்ன தோட்டத்தை வாங்கினார். கொழுந்து எடுக்கும் பெண்ணின் படம் தபால் அட்டையிலும் தேயிலை விளம்பரத்திலும் உலகம் சுற்றியது. அந்தப் பெண்ணின் வீட்டுக்கு ஒரு பிரதி வந்திருக்குமா? எங்களுக்கு நம்பிக்கை இல்லை.

லயத்துக் குடும்பங்கள் பல முதன்முதலாக ஸ்டூடியோப் படி ஏறியது ஆசைக்காக அல்ல, கடதாசிக்காக. 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று பங்கு போட்டது. போகிறவருக்குக் கடவுச்சீட்டுப் படம். இருக்கிறவருக்கு 1972இலிருந்து அடையாள அட்டைப் படம். எங்கள் வீடுகளிலும் பெரிய வித்தியாசம் இல்லை. சுவரில் படம் மாட்டக் கூடாது என்றிருந்த வாப்பாமார் ஹஜ்ஜுக்குப் போகப் படம் பிடித்தார்கள். இன்று அந்தப் படம்தான் எங்களிடம் மிச்சம்.

மலிவுக் கமராவே இல்லாமல் இருந்ததா என்று கேட்பீர்கள். கொடக் கொம்பனி 1900இலேயே பிரவுணி என்ற பெட்டிக் கமராவை ஒரு டொலருக்கு விற்றது. ஆனால் பிலிமும் கழுவும் செலவும் தொடர்ந்து வருமே! எங்கள் இளமையில் 36 படம் கொண்ட ஒரு சுருள் இரண்டு பெருநாளுக்குத் தாக்குப்பிடித்தது. பிழையாக எடுத்துப் பழக வசதி இல்லை. பழகுகிறவனுக்குப் பிழைதானே பாடம்.

2003இல் கெனன் 300டி வந்தது. லென்ஸ் இல்லாமல் 899 டொலர், அன்றைய கணக்கில் எண்பத்தையாயிரம் ரூபாய்க்கு மேல். ஆயிரம் டொலருக்குக் கீழே இறங்கிய முதல் டிஎஸ்எல்ஆர் அதுதான். 2006இல் நிக்கோன் டி40 வந்து விலையை இன்னும் இறக்கியது. அதன் பின்னர்தான் கலியாண வீட்டுப் படம் எடுக்க நம்ம பிள்ளைகளே கிளம்பினார்கள். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்கு ஏறியபோது புதுக் கமரா மறுபடி கைக்கு எட்டாமல் போனது. இப்போது நம்பிக்கை பழைய கமராவில்தான்.

இனி அவனுக்குச் சொன்ன பதில். நிக்கோன் டி3500, கெனன் 1500டி இரண்டும் 2018இல் வந்தவை, இரண்டும் 24 மெகாபிக்சல். நிக்கோனில் ஒரு சார்ஜுக்குச் சுமார் 1,550 படம், கெனனில் சுமார் 500. கரண்ட் போகும் தோட்டத்துக்கு இது பெரிய விசயம். ஆனால் நிக்கோனின் இந்தச் சின்னக் கமராக்களுக்குள் போகஸ் மோட்டார் இல்லை. மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய ஏஎஃப்-டி லென்ஸ் வாங்கினால் கையால்தான் திருக வேண்டும். கெனனில் பழைய 50 மிமீ எஃப்1.8 லென்ஸும் தானாகவே போகஸ் பிடிக்கும். லயத்து அறையின் குறைந்த வெளிச்சத்தில் கூடவே வரும் 18–55 லென்ஸ் திணறும், இது கைகொடுக்கும். கெனன் 3000டி மலிவு, ஆனால் லென்ஸ் மாட்டும் வளையமே பிளாஸ்டிக். அது வேண்டாம் என்றோம். கலியாண வீடியோ எடுக்கும் எண்ணம் இருந்தால் இந்த மூன்றிலும் வெளி மைக் மாட்ட இடமில்லை என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

எதை வாங்கினாலும் லென்ஸுக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். நம்ம ஊர்ப் பனிக்குப் பூஞ்சணம் சிலந்தி வலை போலப் படர்ந்திருக்கும். அலுமாரியில் தோல் பைக்குள் வைக்காதீர்கள். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள்.

அவனுக்குக் கெனனும் அந்த 50 மிமீ லென்ஸும் என்று முடிவாகியிருக்கிறது. முதல் படம் அப்பாயியைத்தான் எடுப்பானாம். அவருக்கு இருப்பது அடையாள அட்டைப் படம் ஒன்றுதான். 2014 ஒக்டோபர் 29 காலை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியதை அவன் மறக்கவில்லை. அதனால் ஒரு பிரதியை எங்கள் வீட்டிலும் வைக்கச் சொல்லியிருக்கிறான். பின்பக்கம் அப்பாயியின் முழுப் பெயரும் தோட்டமும் திகதியும் எழுதித் தர வேண்டும் என்பது நாங்கள் போட்ட நிபந்தனை.

நல்ல நிலையில் 1500டி விற்க இருப்பவர்கள் இன்பொக்ஸில் சொல்லுங்கள். பிள்ளையிடம் காசு ரொக்கமாக இருக்கிறது.