அமிலம்: புளிப்பில் பிறந்த சொல்

ஐதராபாத்தின் வடகிழக்கில், கருங்கற்குன்றின் மேல் தர்கா நிற்க அடிவாரத்தில் ரயில்வே குடியிருப்புகளும் தொழிற்கூடங்களும் பரந்த மௌலா அலியில், மின்கலத்தில் ஊற்றும் ஒரே நீர்மத்துக்குப் பல பெயர்கள் வழங்குகின்றன. உருதுப் பேச்சில் அது தேஸாப், அதாவது கூரிய நீர், உருதுப் பாடநூலில் புளிப்பைக் குறிக்கும் துர்ஷா, தெலுங்கில் ஆம்லம். தமிழர் கடைவீதியில் ஆசிட் என்பர், நகைப் பட்டறையில் திராவகம் என்பர், பள்ளியில் அமிலம் என்பர்.

அமிலம், ஆம்லம் இரண்டுக்கும் மூலம் புளிப்பைக் குறிக்கும் அம்ல என்ற வடசொல். ஆசிட் என்பதன் லத்தீன் வேரும் புளிப்பே. ஆக, நாவே இப்பொருளுக்குப் பெயரிட்டது. திராவகம் மட்டும் வேறு வழியில் வந்தது: திரவமாக்குவது என்று அது செய்யும் வேலையைச் சொல்கிறது. சுவையை விட்டுச் செயலைப் பார்த்த அப்பட்டறைச் சொல்லே பிற்கால வேதியியலின் போக்குக்கு நெருங்கியது எனலாம்.

1923-இல் பிரான்ஸ்டெட், லௌரி இருவரும் புரோட்டானை வழங்குவது அமிலம் என்றனர். அதே ஆண்டில் அமெரிக்க வேதியியலாளர் கில்பர்ட் லூயிஸ் புரோட்டானையும் கடந்து, எலக்ட்ரான் இரட்டையை, அதாவது ஓர் அணு பிணைப்புக்குத் தரக்கூடிய இரு எலக்ட்ரான்களை, ஏற்றுக்கொள்ளும் எதுவும் அமிலமே என்று வரையறுத்தார். தமிழ்நாட்டு நூல்களில் இது எலக்ட்ரான் இரட்டை ஏற்பி. இலங்கையில் எலக்ட்ரானுக்கு இலத்திரன் என்றும், இரட்டைக்குச் சோடி என்றும் வழங்குவதால் பெயர் அங்கே வேறு உருவம் கொள்கிறது.

இவ்வரையறையின் பொருளைக் கேரம் பலகையில் தூவும் போரிக் பவுடரில் காணலாம். விரலிடையே வழுக்கும் அவ்வெண்பொடி போரிக் அமிலம். புளிப்பு அதில் மிக மங்கியது. அதன் நடுவிலுள்ள போரான் அணுவைச் சுற்றி எட்டு எலக்ட்ரான்கள் நிறைய வேண்டிய இடத்தில் ஆறே இருப்பதால், நீரில் கரைந்ததும் அது தன் புரோட்டானை விடாமல், நீரிலிருந்து ஹைட்ராக்சைடு அயனியை எலக்ட்ரான் இரட்டையோடு பற்றிக்கொள்கிறது. நீரிடம் மிஞ்சும் புரோட்டானால்தான் கரைசல் சிறிதளவு அமிலத்தன்மை பெறுகிறது. இப்பொடியைத் தரும் வெண்காரத்தின் கரைசல் உண்மையிலேயே காரத்தன்மையுள்ளது. பொற்கொல்லர் பற்றவைக்கையில் இடுவது அதையே.

பெயர் பொருளோடு முரண்படுவது படிகாரத்தில். பழைய மருத்துவ வழக்கில் உப்புகள் பலவற்றுக்கும் காரம் என்ற ஈறு பொதுவாக இருந்ததால் இதுவும் அப்பெயர் பெற்றது. ஆனால் நாவில் வைத்தால் புளிப்பும் துவர்ப்பும் கலந்தே தெரியும். இதிலுள்ள அலுமினிய அயனி நீர் மூலக்கூறுகளின் எலக்ட்ரான் இரட்டைகளை ஏற்று, அவற்றின் புரோட்டான்களைத் தளர்த்துகிறது. தளர்ந்தவை பிரிந்தபின் எஞ்சும் அலுமினிய ஹைட்ராக்சைடு பஞ்சுபோலத் திரண்டு சேற்றுத்துகளைப் பற்றிக் கீழே படிகிறது. கலங்கல் குடத்தில் படிகாரக் கட்டியைச் சுழற்றி வைப்பவர் லூயிஸ் அமிலத்தையே பயன்படுத்துகிறார். மௌலா அலிக் குன்றின் கருங்கல்லிலும் இதே அலுமினியம் ஃபெல்ட்ஸ்பார் கனிமமாக உறைந்திருக்கிறது. அக்கல் சிதைந்து உருவாகும் களிமண்ணின் விளிம்புகளில், நிறைவுறாத அலுமினிய அணுக்கள் எலக்ட்ரான் இரட்டையை ஏற்கும் இடங்களாக அமைகின்றன.