கொல்லிமலைக்கு வந்தவர்களும் தங்கியவர்களும்

சேந்தமங்கலத்தில் நின்று கிழக்கே பார்த்தால் கொல்லிமலை ஒரு பெரிய சுவர் மாதிரி நிற்கும். இன்றைக்கு காரவள்ளியில் இருந்து வண்டியைக் கிளப்பினால் 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மதியச் சாப்பாட்டுக்குள் மேலே போய்விடலாம். நூறு வருடங்களுக்கு முன்னால் நிலைமை வேறு. மலைக்காய்ச்சலுக்குப் பயந்து சமவெளி ஜனங்களே ஏறத் தயங்கிய மலை அது. வல்வில் ஓரி ஆண்ட மலை என்று பெருமை பேசுவோமே தவிர, அங்கே வாழ்ந்த மலையாளிப் பழங்குடி மக்களுக்கு ஒரு வைத்தியர் உண்டா, ஒரு பள்ளிக்கூடம் உண்டா என்று கீழே இருந்த யாரும் பெரிதாகக் கவலைப்பட்டதில்லை.

அந்த மலைக்கு 1913-இல் ஒரு ஆங்கிலேயத் தம்பதி குடியேறினார்கள். கணவர் ஜெஸ்ஸி பிராண்ட், மனைவி எவ்லின் பிராண்ட். இன்றைய மொழியில் சொன்னால் வெளிநாட்டு வாலண்டியர்கள். அன்றைய மொழியில் மிஷனரிகள்.

வெளிநாட்டுக்குப் போய் ஆதரவற்ற குழந்தைகளுக்கும் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கும் சேவை செய்வது இப்போது ஒரு தனித் துறையாகவே வளர்ந்துவிட்டது. இரண்டு வாரத்துக்கு வருகிறார்கள், மூன்று மாதத்துக்கு வருகிறார்கள். நம்ம ஐடி கம்பெனிகளிலும் வருடத்துக்கு ஒரு நாள் ஏதாவது ஒரு குழந்தைகள் இல்லத்துக்குப் போய் கேக் வெட்டி, போட்டோ எடுத்துவிட்டு வருகிறோம். போகக்கூடாது என்று சொல்ல வரவில்லை. ஆனால் இந்த மாதிரி சேவையை எதை வைத்து அளப்பது? இந்தக் கேள்விக்கு என்னால் முடிந்த பதிலை பிராண்ட் குடும்பத்தின் கதையில் இருந்துதான் எடுக்க முடிந்தது.

எவ்லின் 1879-இல் பிறந்தவர். லண்டனில் வசதியான வீட்டுப் பெண், ஓவியம் படித்தவர். ஜெஸ்ஸி வெப்பமண்டல நோய்களுக்கான மருத்துவத்தில் ஒரு வருடப் பயிற்சி மட்டும் எடுத்தவர். முழு டாக்டர் இல்லை. ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் என்ற சிறிய அமைப்பின் சார்பில் வந்தார்கள். சமவெளியில் சேந்தமங்கலம்தான் அவர்களுக்கு அடிவாரத் தளம். மலைமேல் வாழவந்தி என்ற ஊரில் ஜெஸ்ஸி தன் கையாலேயே மரவீடு கட்டினார்.

அவர்கள் அதிகம் பார்த்த நோய்களில் ஒன்று நரம்புச் சிலந்தி. படிக்கிணற்றில் இறங்கித் தண்ணீர் மொண்டு குடிக்கும்போது கண்ணுக்குத் தெரியாத சின்ன நீர்ப்பூச்சியோடு புழுவின் குஞ்சும் வயிற்றுக்குள் போய்விடும். சுமார் ஒரு வருடம் கழித்து, இரண்டு மூன்று அடி நீளத்துக்குக்கூட வளர்ந்த புழு காலைப் பொத்துக்கொண்டு வெளியே வரும். வெடுக்கென்று இழுத்தால் அறுந்து புண் சீழ் பிடிக்கும். ஒரு குச்சியில் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றித்தான் எடுக்க வேண்டும். ஜெஸ்ஸி அப்படித்தான் எடுத்தார். கூடவே, கிணற்றுக்குள் யாரும் கால் வைக்க முடியாதபடி சுற்றுச்சுவர் கட்டுவது, தண்ணீரை வடிகட்டிக் குடிப்பது என்று அடுத்த வேலைக்கு நகர்ந்தார்கள். புழு எடுப்பது ஒருவருக்கு வைத்தியம், சுவர் கட்டுவது ஊருக்கே வைத்தியம். இந்தியாவில் இந்த நோயின் கடைசி நோயாளி 1996-இல் பதிவானார். 2000-இல் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவுக்குச் சான்றிதழ் தந்தது. அந்த வெற்றி அரசின் தேசியத் திட்டத்துக்கு உரியது. ஆனால் அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே கொல்லிமலையில் அதே வழியைப் பிடித்திருந்தார்கள்.

குழந்தைகள் விஷயத்துக்கு வருவோம். முதல் சில வருடங்கள் மருந்து வாங்க வந்தார்களே தவிர, மலைமக்கள் யாரும் மதம் மாறவில்லை. உள்ளூர்ப் பூசாரி ஒருவர் கடுமையாக எதிர்த்தார். 1918-19 இன்ஃப்ளூயன்சா மலைக்கும் ஏறியது. பிராண்ட் தம்பதி கஞ்சி காய்ச்சி வீடு வீடாகக் கொண்டுபோனார்கள். எதிர்த்த பூசாரியே நோயில் விழுந்தபோது பக்கத்தில் வர ஆள் இல்லை. சாகும் தறுவாயில் தன் பெண் குழந்தையை இவர்களிடமே ஒப்படைத்தார். அந்தக் குழந்தையை வளர்த்ததைப் பார்த்த பிறகுதான் மலையில் ஒரு சிறு கிறிஸ்தவச் சமூகம் உருவானது. அதற்குப் பிறகு, பெற்றோர் இல்லாத, வேண்டாம் என்று விடப்பட்ட குழந்தைகள் ஒவ்வொருவராக வாழவந்தி வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

இதை ஒரே நிறத்தில் பார்க்க என்னால் முடியவில்லை. சேவையும் மதமும் இங்கே பிரிக்க முடியாமல் பின்னிக்கிடக்கின்றன. அவர்களும் அதை மறைக்கவில்லை. அதே நேரம், அந்தக் குழந்தையை வாங்கிக்கொள்ள அன்றைக்கு வேறு யார் கை நீட்டினார்கள் என்ற கேள்வியையும் தவிர்க்க முடியாது.

இதற்கு அந்தக் குடும்பம் கொடுத்த விலையும் உண்டு. மகன் பால் பிராண்ட் 1914-இல் பிறந்தார். மரம் ஏறி, மலைப் பிள்ளைகளோடு தமிழ் பேசி வளர்ந்தவர். 1923-இல், ஒன்பது வயதில், படிப்புக்காக அவரையும் தங்கையையும் இங்கிலாந்தில் விட்டுவிட்டுப் பெற்றோர் மலைக்குத் திரும்பினார்கள். ஊரார் பிள்ளையை வளர்க்கச் சொந்தப் பிள்ளையைப் பிரிந்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். 1929-இல் மலேரியாவின் கொடிய வடிவமான கருநீர்க் காய்ச்சலில் ஜெஸ்ஸி இறந்தார். தந்தி முதலில் போய்விட்டது. கப்பலில் வந்த கடிதங்கள் பின்தங்கின. அப்பா செத்துப்போன செய்தி தெரிந்த பிறகும் அப்பாவின் கடிதங்கள் பாலுக்கு வந்துகொண்டே இருந்தன. ஆறு வருடமாக அவர் அப்பாவைப் பார்க்கவே இல்லை.

எவ்லின் கொஞ்ச காலம் இங்கிலாந்து போய்விட்டுத் திரும்பி வந்தார். மிஷன் அவரைப் பெரும்பாலும் சமவெளியிலேயே வைத்திருந்தது. 1947-இல், 68 வயதில், ஓய்வு பெற்றாக வேண்டிய கட்டாயம். விதிப்படி அத்தோடு கதை முடிந்தது. ஆனால் அவர் மிஷனில் இருந்து விலகி, தன் சொந்தப் பொறுப்பில் மறுபடியும் மலை ஏறினார். மட்டக்குதிரையில் ஊர் ஊராகப் போய் மருந்து கொடுத்தார். பிறகு இரண்டு மூங்கில் தடிகளை ஊன்றிக்கொண்டு நடந்தார். 75 வயதில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. கட்டிலில் வைத்துத்தான் மலையில் இருந்து இறக்கினார்கள். மகன் கெஞ்சியும் ஊருக்குத் திரும்பவில்லை. கல்வராயன், பச்சைமலை என்று பக்கத்து மலைகளுக்கும் போனார். 1974-இல், 95 வயதில் இறந்தார். கணவரின் சமாதிக்குப் பக்கத்திலேயே கொல்லிமலையில் புதைத்தார்கள்.

மகன் பால் முதலில் கட்டட வேலை கற்றவர், பிறகு டாக்டர். 1946-இல் வேலூர் சிஎம்சிக்கு வந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை, நல்ல தசைநாணை இடம் மாற்றித் தைத்து மறுபடியும் இயங்க வைத்த முன்னோடிகளில் ஒருவர். விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் சூடு, வெட்டு, தூக்கத்தில் எலிக்கடி என்று அடிபட்டே அழிகின்றன என்பதைக் கவனித்து நிறுவியவர்.

ஆனால் இங்கே நான் சொல்ல வந்தது அறுவை சிகிச்சையைப் பற்றி அல்ல. கை சரியான ஒரு இளைஞர் திரும்பி வந்து, இது பிச்சைக்கு உதவாத கை என்றாராம். தொழுநோய்த் தழும்பைப் பார்த்து யாரும் வேலை தரவில்லை, கை நன்றாக இருப்பதால் பிச்சையும் விழவில்லை. கையைச் சரிசெய்தது பாதி வேலைதான் என்று பாலுக்குப் புரிந்தது. மருத்துவமனை வளாகத்திலேயே குடிசைகள் போட்டு, தச்சு வேலை சொல்லிக்கொடுத்து, சம்பாதிக்கும் ஆளாக ஊருக்கு அனுப்பும் ஏற்பாட்டைத் தொடங்கினார். இளமையில் கற்ற கட்டட வேலை அங்கேதான் கைகொடுத்தது. வேலூர் பக்கத்தில் கரிகிரி மருத்துவமனையும் 1955-இல் வந்தது. இந்திய மருத்துவர்கள், இயன்முறைப் பணியாளர்கள் என்று ஒரு வரிசையே அங்கே உருவானது.

எங்கள் தொழிலில் ஒரு விஷயம் எல்லோருக்கும் தெரியும். புது சாஃப்ட்வேர் எழுத ஆள் கிடைக்கும், பத்து வருடம் மெயின்டெனன்ஸ் பார்க்கத்தான் ஆள் கிடைக்காது. சேவைக்கும் அதுதான் கணக்கு. இரண்டு வாரம் வருகிற வாலண்டியரிடம் குழந்தை ஒட்டிக்கொள்ளும். அவர் போனதும் அது மறுபடி ஒரு பிரிவைத் தாங்க வேண்டும். இல்லத்துக் குழந்தைக்கு அப்படி எத்தனை பிரிவு! பேச்சு வராத குழந்தைக்கும், சக்கர நாற்காலியில் இருக்கும் குழந்தைக்கும் தினமும் அதே முகம், அதே கை தேவை. அந்தக் கை பெரும்பாலும் உள்ளூர்க் கையாகத்தான் இருக்க முடியும்.

எவ்லின் செய்த மாதிரி இன்று யாரும் ஒரு குழந்தையைத் தூக்கி வந்து வளர்த்துவிட முடியாது. முடியவும் கூடாது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி இல்லம் பதிவு பெற்றிருக்க வேண்டும், கைவிடப்பட்ட குழந்தையைக் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும். 1098-க்கு அழைத்தால் வழி சொல்வார்கள். பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் முதலில் தொடங்கியதும் இதே சேலம் மாவட்டத்தில்தான். அப்போது நாமக்கல்லும் கொல்லிமலையும் சேலம் மாவட்டத்துக்குள் இருந்தன. வேண்டாத பெண் குழந்தையை வாங்கிக்கொள்ளும் பொறுப்பை அரசே எடுத்துக்கொள்ள அவ்வளவு காலம் பிடித்தது என்பதை நாம் யோசிக்க வேண்டும்.

ஆகவே வெளிநாடு போய் உதவ நினைக்கிற நம்ம பிள்ளைகளுக்கும், இங்கே வருகிறவர்களுக்கும் சொல்ல என்னிடம் மூன்று கேள்விகள்தான் உண்டு. அந்த ஊர் மொழி உங்களுக்கு எவ்வளவு தெரியும்? நீங்கள் கிளம்பிய மறுநாள் அந்த வேலையை யார் செய்வார்கள்? அவருக்குச் சம்பளம் யார் கொடுப்பார்கள்? முதல் கேள்விக்குப் பதில் இல்லை என்றால் போய்க் கற்றுக்கொள்ளலாம். மற்ற இரண்டுக்கும் பதில் இல்லை என்றால், விமான டிக்கெட் காசை அந்த மூன்றாவது ஆளின் சம்பளத்துக்கு அனுப்பிவிடுவதே மேல்.