மகமையும் வருமானச் சான்றும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானம் எவ்வளவு என்ற கேள்விக்கு ஒற்றை எண்ணால் விடை சொல்வது எக்காலத்திலும் எளிதாக இருந்ததில்லை. குண்டாற்றில் தண்ணீர் ஓடும் நாள்கள் மிகக் குறைவு என்பதால், கண்மாய்ப் பாசனம் எட்டாத கரிசல் புஞ்சைகள் மானாவாரியாக, அதாவது வானத்து மழையை மட்டுமே நம்பி, பருத்தியும் சோளமும் கம்பும் குதிரைவாலியும் மல்லியும் விளைவித்தன. ஐப்பசி, கார்த்திகை மழை ஏமாற்றினால் அந்த ஆண்டின் வருமானம் கடனாக மாறிவிடும். அருப்புக்கோட்டை நகரத்து நெசவாளருக்கோ கணக்கு தலைகீழானது. தறியில் ஏறவேண்டிய நீளவாட்டு நூலாகிய பாவைத் தெருவில் விரித்துக் கஞ்சி தோய்த்து உலர்த்துவதற்கு வெயில் வேண்டும். ஆகவே சம்சாரி காத்துக் கிடந்த அதே மழை, கைத்தறிக்காரரைக் கூலியின்றி வீட்டில் உட்காரவைத்தது. இத்தகைய மண்ணில் பெற்றோரின் வருமானத்தை அளந்து மாணவருக்கு உதவி வழங்கும் முறை எப்படி வந்தது என்பதை அறிய, அதற்கு முன் இங்கு வேரூன்றியிருந்த வேறொரு அளவை முறையை முதலில் பார்க்க வேண்டும்.

அம்முறைக்கு மகமை என்று பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தெற்கிலிருந்து வண்டிகளில் சரக்கேற்றி வந்த நாடார் வணிகர்கள், கள்வர் அச்சத்திலிருந்து சரக்கையும் மாட்டையும் காக்க மதில் சூழ்ந்த பேட்டைகளை அமைத்து, அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, விருதுநகர், சிவகாசி, திருமங்கலம், சாத்தங்குடி ஆகிய ஆறு ஊர்களில் நிலைகொண்டனர். அந்தந்த ஊரின் குடும்பத் தலைவர்கள் சேர்ந்த அவை உறவின்முறை எனப்பட்டது. விற்கும், வாங்கும் சரக்கின்மீது ஒவ்வொரு வணிகரும் அந்த அவைக்குச் செலுத்திய சிறு தொகையே மகமை. பேட்டையின் பராமரிப்பு, கிணறு, கோயில் ஆகியவற்றுக்குப் பிறகு இப்பொது நிதி பள்ளிக்கூடத்துக்குத் திரும்பியது. ஒருவர் தரவேண்டிய தொகையை அவருடைய கடையில் ஏறி இறங்கிய மூட்டைகளே தீர்மானித்தன என்பதால், வியாபாரம் பெருத்தவர் மிகுதியாகவும் சிறுத்தவர் குறைவாகவும் செலுத்தினர். அவர்களுடைய பிள்ளைகள் ஒரே பலகையில் உட்கார்ந்தனர். அளக்கப்பட்டவர் கொடுப்பவரே அன்றிப் பெறுபவர் அல்லர்.

விருதுநகரில் 1880களில் தோன்றிய சத்திரிய வித்யாசாலை இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. மகமையோடு பிடி அரிசியும் அதைத் தாங்கியது. உலை வைக்கும் முன் வீட்டுப் பெண்கள் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டுவைக்க, அவ்வரிசி வீடு வீடாகச் சேர்க்கப்பட்டு, விற்ற காசு பள்ளிச் செலவுக்குப் போயிற்று. 1903இல் பிறந்து, சிறு வயதிலேயே தந்தையை இழந்த காமராசர் படித்தது இப்பள்ளியில்தான். அருப்புக்கோட்டையிலும் உறவின்முறையின் பெயரால் சைவபானு சத்திரியப் பள்ளியும், 1970இல் அதே பெயருள்ள கல்லூரியும் எழுந்தன.

எனினும் இம்முறையைப் பொற்காலமாகப் போற்றிவிட முடியாது. மகமை பிறக்கச் சந்தை வேண்டும், மூட்டை வேண்டும், தெருவை ஒன்றாகக் கட்டும் சாதி அவையும் வேண்டும். இவை எதுவுமில்லாத திருச்சுழிப் பக்கத்துப் புஞ்சைக் கிராமங்களில், நிலமற்ற கூலிகளின் பிள்ளைகளுக்குப் பிடி அரிசி சேர்க்க உலையில் அரிசியே இல்லை. பள்ளிக் கட்டணத்தை அக்காலத்தில் ‘சம்பளம்’ என்றே மக்கள் வழங்கினர். அதைக் கட்ட இயலாமல் படிப்பு நின்றவர்களுக்கு அரசைத் தவிர வேறு போக்கிடம் கிடையாது.

அரசு வந்தபோது வருமான வரம்பும் உடன் வந்தது. காமராசர் ஆட்சியில், 1960இல், பெற்றோரின் ஆண்டு வருமானம் 1,200 ரூபாய்க்கு மேற்படாத பிள்ளைகளுக்கு உயர்நிலைப் பள்ளி வரை சம்பளம் நீக்கப்பட்டது. மாதம் 100 ரூபாய் என்ற இக்கோடு காகிதத்தில் தெளிவாக இருந்தாலும், மழைக்கேற்ப ஏறி இறங்கும் குடும்பம் ஒன்று ஓராண்டு கோட்டுக்குக் கீழும் மறு ஆண்டு மேலும் நிற்கக்கூடியது. அடுத்த சில ஆண்டுகளில் வரம்பு அகற்றப்பட்டு, பள்ளிக் கல்வி எல்லோருக்கும் இலவசமாயிற்று. ஏழைப் பிள்ளைகளைக் கருதி 1956இல், அருப்புக்கோட்டைக்குத் தெற்கே அதிகத் தொலைவில்லாத எட்டயபுரத்தில் தொடங்கிய மதிய உணவும், 1982இல் சத்துணவாக விரிந்தபோது ‘யார் வீட்டுப் பிள்ளை’ என்ற விசாரணையை விட்டுவிட்டது.

அருப்புக்கோட்டையின் பெயர் இவ்வரலாற்றில் மறுபடியும் தட்டுப்படுவது 1979இல். 1977 தேர்தலில் இத்தொகுதியில் வென்று முதலமைச்சரான எம்.ஜி.ஆர்., ஆண்டு வருமானம் 9,000 ரூபாயைத் தாண்டிய குடும்பங்களுக்குப் பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீடு இல்லை என்று 1979 ஜூலையில் ஆணையிட்டார். இது உதவித்தொகை அன்று, இட ஒதுக்கீடு. ஆயினும் மாணவரின் வாய்ப்பைப் பெற்றோரின் வருமானத்தோடு முடிச்சுப்போட்ட ஆணைகளில் இதைப்போல் அரசியல் விலை கொடுத்தது வேறில்லை. 1980 ஜனவரியில் நடந்த மக்களவைத் தேர்தலில் தமிழகத்தின் 39 இடங்களில் அ.தி.மு.க. இரண்டை மட்டுமே பெற, ஆணை திரும்பப் பெறப்பட்டு, பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீடு 31 விழுக்காட்டிலிருந்து 50 ஆக உயர்ந்தது. தோல்விக்கு வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் வருமானக் கோட்டைத் தொட எந்த ஆட்சியும் பிறகு தயங்கியதற்கு இந்த நினைவே போதும்.

பெற்றோரின் வருமானத்தைப் பார்த்தே மாணவர் உதவியை வரையறுக்கும் 1971ஆம் ஆண்டு ஜெர்மானியச் சட்டமும், வயதுவந்த மாணவரைத் தனிக் குடிமகனாகக் கொண்டு பெற்றோரைக் கேளாத சுவீடன் நாட்டு முறையும் உலகில் அருகருகே நிற்கின்றன. ஆனால் இரண்டுமே ஊதியத்தை அரசு ஏடுகளில் காணக்கூடிய சமூகங்களுக்கு உரியவை. இங்கே, எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய் வழித் திறனறித் தேர்வுக்கு 3.5 லட்சம் ரூபாய் என வரம்பு வைக்கப்படும்போது, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று படியேறி வரும் சான்று உண்மையில் ஒரு மதிப்பீடே. மாதச் சம்பளக்காரரின் வருமானம் அதில் துல்லியமாகப் பதிகிறது, மற்றவருடையது பேச்சால் பதிகிறது. ஏழைக்காக வகுத்த வரம்பு, சம்பளச் சீட்டு வைத்திருக்கும் கீழ்நிலை ஊழியரையே முதலில் வெளியே தள்ளுவது இதனால்தான்.

தமிழக அரசு அண்மைக் காலத்தில் வேறு அளவுகோல்களைத் தேடியிருக்கிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டம், அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்துக் கல்லூரி சேரும் பெண்ணுக்கு, வருமானம் கேளாமல், மாதம் 1,000 ரூபாய் தருகிறது. தொழிற்கல்விக்கான முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகையோ, வீட்டில் பட்டம் பெற்றவர் உண்டா என்று மட்டுமே கேட்கிறது. மழையால் மாறாத கேள்வி அது. ஆனால் மூத்தவள் பட்டம் வாங்கிவிட்டால், பாவும் புஞ்சையும் கடனும் அப்படியே இருக்க, இளையவனுக்கு அந்தச் சலுகை கிடையாது.