அரை அம்பியரில் உயிர் பிழைத்த பற்றறிகள்

2022 இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்றதை ஒருவரும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த நாட்களில் எங்கட சின்னக் கார் முற்றத்தில் தூசி பிடித்து நின்றது. ஒருவழியாகப் பெற்றோல் கிடைத்தபோது பற்றறி செத்துப் போயிருந்தது. திறப்பைத் திருப்பினால் ஒரு 'டிக்' சத்தம், அவ்வளவுதான். புதியதன் விலையைக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு நீர்வேலிக்குத் திரும்பி வந்தோம்.

பழையதை இரும்புக்காரரிடம் போடத் தூக்கியபோதுதான் அடுத்த ஒழுங்கை ஐயா தடுத்தார். ஒரு காலத்தில் வாடகைக்கு ஏ 40 கார் ஓடியவர். "எறியாதேங்கோ மாஸ்ரர். உதைக் கெதியாச் சார்ஜ் போட்டாக் கெதியாச் செத்துப்போகும். மெல்லமாப் போட்டா எழும்பும்" என்றார். அன்று பின்னேரம் தேத்தண்ணி குடித்தபடி அவர் சொன்னது பொருளாதாரத் தடைக் காலத்துக் கதை. அந்தக் காலத்தில் நாங்கள் இங்கே இருக்கவில்லை. அதனால் கவனமாகக் கேட்டோம்.

1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கிய பிறகு குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லாமல் போனது. பெற்றோல் இல்லை. ரோச்சுக்குப் போடும் பற்றறியும் தடை செய்யப்பட்ட பொருள். பிள்ளைகள் ஜாம் போத்தல் விளக்கில் படித்தார்கள். கார்கள் சில துளி பெற்றோலில் ஸ்ராட் ஆகி, பிறகு மண்ணெண்ணெயில் புகை கக்கிக்கொண்டு ஓடின. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஆள் மாறி ஆள் பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டார்கள். பிபிசி தமிழோசையும் வெரித்தாசும் அப்படித்தான் வீடுகளுக்குள் வந்தன.

இதையெல்லாம் பலர் எழுதிவிட்டார்கள். ஐயா சொன்ன பற்றறிக் கதை மட்டும் எங்களுக்குப் புதிது.

ஓடாமல் நின்ற கார்களின் பற்றறிகளை அவர் கழற்றி எடுத்தார். பழைய கறுப்பு இறப்பர்ப் பெட்டிப் பற்றறிகள் அவை. ஆறு அறை, அறைக்கு 2 வோல்ற். அறைகளை இணைக்கும் ஈயப் பட்டைகள் மேலே வெளியில் தெரியும். சைக்கிள் டைனமோ 6 வோல்ற், 3 வாற். அதாவது அரை அம்பியர். பன்னிரண்டு வோல்றுக்கு அது காணாது. ஆகவே மூன்று அறையாகப் பிரித்து, பழைய றேடியோவில் இருந்து கழற்றிய டயோட்டுக்களைப் போட்டு, ஒரு பாதி முடிந்த பிறகு மற்றப் பாதிக்குச் சார்ஜ் ஏற்றினார். நாள்கணக்கில் பெடல் சுற்ற வேண்டும். அவருடைய பிள்ளைகள் வாய்ப்பாடு பாடமாக்கியது அந்தப் பெடலில்தானாம்.

பற்றறிக்குள் நடப்பதையும் சொல்லவேண்டும். மின்சாரம் எடுக்க எடுக்க இரண்டு பக்கத் தகடுகளிலும் ஈய சல்பேற்று படியும், அமிலம் தண்ணீராகிக்கொண்டு போகும். உடனே சார்ஜ் போட்டால் அந்தப் படிவு கரைந்துவிடும். வெறுமையாகக் கிடக்க விட்டால் நுண்ணிய பளிங்குகள் ஒன்று சேர்ந்து பெரிதாகி இறுகும். அந்த நிலையில் பெரிய மின்னோட்டம் கொடுத்தால் பளிங்கு கரையாது. தண்ணீர்தான் வாயுவாகப் பிரியும், பற்றறி சூடேறும், தகட்டில் உள்ள பசை உதிரும். சிறிய ஓட்டத்தை நாள்கணக்கில் கொடுத்தால் பளிங்கு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைய இடமுண்டு. வேறு வழியில்லாமல் கிடைத்த அரை அம்பியர்தான் அந்தத் தகடுகளுக்கு வேண்டிய வைத்தியமாகவும் இருந்திருக்கிறது. 1859 இல் பிரான்சில் இந்த வகைப் பற்றறியை முதன்முதல் செய்த கஸ்தோன் பிளாந்தேயும் தன் ஈயத் தகடுகளைச் சாதாரண மின்கலங்களைக் கொண்டு மாதக்கணக்கில் ஏற்றி இறக்கித்தான் பழக்கினார்.

தண்ணீர் விஷயத்தில் ஐயா கறார். எங்கட கிணறுகள் சுண்ணாம்புக்கல்லில் ஊறுபவை; அந்தத் தண்ணீரை விட்டால் தகடு பழுதாகும். மாரி மழையில், கூரையில் படாமல், வெளியில் கண்ணாடிப் பாத்திரம் வைத்துப் பிடித்த தண்ணீரைத்தான் விடுவாராம். மூடிகளைத் திறந்து வைத்து, காற்றோட்டமான இடத்தில், பகலில் மட்டும் வேலை. வெளிவரும் ஐதரசனுக்குப் பக்கத்தில் ஜாம் போத்தல் விளக்கை வைத்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அந்த வருஷங்களில் நாங்கள் புத்தளத்தில். 1990 ஒக்ரோபர் 30 அன்று யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள். எங்கட வாப்பா, உம்மாவும் அதற்குள் அடக்கம். புத்தளத்து ஓலைக் கொட்டிலிலும் மின்சாரம் இல்லை. கார் பற்றறியில் கறுப்பு வெள்ளை ரீவி பார்த்தோம். அது இறங்கினால் வாப்பா சைக்கிள் கரியரில் கட்டிச் சார்ஜ் கடைக்குக் கொண்டு போவார். அங்கே எப்போதும் கூட்டம். இரவைக்குப் படம் இருக்கிறது, கெதியாகப் போடுங்கோ என்று எல்லோருக்கும் அவசரம். கடைக்காரரும் பெரிய ஓட்டத்தில் போட்டு அனுப்பிவிடுவார். எங்கட பற்றறிகள் ஒரு வருஷம் தாண்டாததன் காரணம் ஐயாவின் திண்ணையில்தான் விளங்கியது. அங்கே சார்ஜ் கடை இருந்தது, பற்றறி நிலைக்கவில்லை. இங்கே கடையும் இல்லை, கரண்டும் இல்லை, பற்றறி நின்று பிடித்தது.

ஐந்து வருஷம் கழித்து, 1995 இல், அதே ஒக்ரோபர் 30 அன்று வலிகாமமே இடம்பெயர்ந்தது. சூரியக்கதிர் நடவடிக்கை நீர்வேலிப் பக்கம் வர, ஐயா குடும்பம் அரிசியையும் பத்திரங்களையும் எடுத்துக்கொண்டு தென்மராட்சிக்குப் போனது. பற்றறியைச் சாய்ப்புக்குள் விட்டுவிட்டார்கள். யார் தூக்குவது? 1996 இல் திரும்பி வந்தபோது அது அங்கேயே இருந்தது, முனைகளில் வெள்ளை பூத்தபடி. மறுபடி டைனமோ. ஆறு அறையில் ஐந்து எழும்பியது. எழும்பாத அறையைக் கம்பி போட்டுத் தாண்டி, 10 வோல்றில் ஒரு சின்ன பல்ப் எரித்தாராம்.

எல்லாப் பற்றறியும் இப்படி எழும்பாது. தகட்டுப் பசை உதிர்ந்து அடியில் குவிந்து உள்ளே தொட்டுக்கொண்டால், நீங்கள் ஒரு மாதம் சார்ஜ் போட்டாலும் பிரயோசனம் இல்லை. பழைய அமிலத்தை வளவில் ஊற்றுவது அதைவிட மோசம். ஈயம் கலந்த தண்ணீர் எங்கட மண்ணில் கிணற்றுக்குப் போக அதிக நேரம் எடுக்காது. அந்தக் காலத்தில் வாழைக்கு அடியிலும் ஊற்றியிருக்கிறார்கள். ஐயாவே ஒத்துக்கொண்டார்.

எங்கட பற்றறி 35 அம்பியர்-மணி. டைனமோ சுற்றப் பொறுமை இல்லாததால் 10 வாற் சோலார் பலகை ஒன்றைப் பூட்டினோம். நல்ல வெயிலில் அதுவும் அரை அம்பியர்தான் தரும். நாளுக்கு மூன்று அம்பியர்-மணி வந்தாலே பெரிய காரியம். அமிலத்தின் அடர்த்தி தொடக்கத்தில் 1.12. முதல் நாலு நாளும் அசையவில்லை. மூன்றாவது கிழமை முடிவில் 1.24. கார் ஸ்ராட் ஆனது. அந்தப் பற்றறி அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் ஓடியது.

ஐயாவின் டைனமோ, டயோட்டுக்கள் பூட்டிய பலகைத்துண்டு இரண்டையும் பள்ளிக்கூடக் கண்காட்சிக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். தடைக்காலத்து ஜாம் போத்தல் விளக்கோ, பழைய இறப்பர்ப் பெட்டிப் பற்றறியோ உங்கட வீட்டுப் பரணில் கிடந்தால் இரும்புக்குப் போடமுதல் எங்களுக்கு ஒரு சொல் சொல்லுங்கோ. சைக்கிளில் வந்து எடுத்துக்கொள்கிறோம். பற்றறி என்றால் நிமிர்த்தி வையுங்கோ, அமிலம் ஊற்றுப்படும்.