மூச்சுக்குழாயிலிருந்து சிறுநீரகம் வரை: காற்று மாசு ஆய்வின் வரலாறும் திருவண்ணாமலையும்

திருவண்ணாமலையில் மலையைச் சுற்றிவரும் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர் நீளம் கொண்டது. எட்டுத் திசைக்கும் எட்டு லிங்கங்கள் அந்தப் பாதையில் உள்ளன. அவற்றில் வடமேற்கே இருப்பது வாயு லிங்கம். பௌர்ணமி இரவுகளில் இலட்சக்கணக்கானோர் வெறுங்காலுடன் நடந்து வந்து, அந்தச் சந்நிதி முன் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டு நகர்கிறார்கள். சுற்றி முடிக்க மூன்று, நான்கு மணி நேரம் ஆகும். ஐம்பதைக் கடந்தவர்களும், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் அந்தக் கூட்டத்தில் நிறையவே உண்டு.

ஓய்வாக இருக்கும் ஒருவர் நிமிடத்துக்கு ஆறு முதல் எட்டு லிட்டர் காற்றை உள்ளிழுக்கிறார். விரைந்து நடக்கையில் இது மூன்று, நான்கு மடங்காகிறது. கிரிவலத்தின்போது வாகனப் புகை, கடை அடுப்புகளின் புகை, கற்பூரப் புகை, சாலையோரம் எரியும் குப்பையின் புகை ஆகிய எல்லாமே இந்தக் கூடுதல் மூச்சோடு சேர்ந்து உள்ளே போகின்றன. அவை நுரையீரலோடு நின்றுவிடுவதில்லை என்பதை மருத்துவ உலகம் உணர நீண்ட காலம் பிடித்தது. புகை இதயத்தைத் தாக்குகிறது என்பது இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் உறுதியாயிற்று. சிறுநீரகத்தையும் தாக்குகிறது என்பதற்கான வலுவான சான்றுகள் ஏறத்தாழ கடந்த பத்தாண்டுகளில் சேர்ந்தவை. அந்த அறிவு படிப்படியாக வளர்ந்த விதத்தையும், பெருநகரப் பட்டியல்களில் இடம்பெறாத ஒரு கோயில் நகருக்கு அது சொல்லும் செய்தியையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

தொல்லையாக மட்டும் இருந்த புகை

இலண்டனின் நிலக்கரிப் புகையைக் கண்டித்து ஜான் ஈவ்லின் 1661இல் ஒரு சிறுநூல் எழுதினார். இந்தியாவில் 1863லேயே கல்கத்தா, ஹவுரா நகரங்களுக்காகப் புகைத் தொல்லைச் சட்டம் வந்துவிட்டது. துணி கறுக்கிறது, சுவர் கறுக்கிறது, மூச்சு முட்டுகிறது என்ற அளவில்தான் அன்றைய கவலை இருந்தது.

மரணக் கணக்கு பிறகுதான் வந்தது. 1930 டிசம்பரில் பெல்ஜியத்தின் மியூஸ் பள்ளத்தாக்கில் ஆலைப் புகை மூடுபனியோடு கலந்து தேங்கியதில் 60 பேர் அளவில் இறந்தனர். 1948 அக்டோபரில் அமெரிக்காவின் டொனோரா என்ற சிற்றூரில் 20 பேர் மாண்டனர். 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை இலண்டனைச் சூழ்ந்த பெரும்புகை ஏறத்தாழ 4,000 உயிர்களைக் கொண்டுபோனதாக அன்று கணக்கிடப்பட்டது. பிற்கால மறுமதிப்பீடு அதை 12,000 வரை உயர்த்தியது. இறந்தவர்களில் மார்ச்சளிக்காரர்களோடு இதய நோயாளிகளும் இருந்தனர். ஆனால் பலவீனமான இதயம் மூச்சுத்திணறலைத் தாங்கவில்லை என்றே அதற்கு விளக்கம் சொல்லப்பட்டது. பிரிட்டன் 1956இல் தூய காற்றுச் சட்டம் கொண்டுவந்தது. புகையே நேரடியாக இதயத்தைக் கெடுக்குமா என்ற கேள்விக்கு அப்போதும் விடை இல்லை.

டில்லிச் சமையலறையில் கிடைத்த தடயம்

விடையின் முதல் இழை இந்தியாவில்தான் கிடைத்தது. அதைப் பிடித்தவர் டாக்டர் எஸ். பத்மாவதி. பர்மாவில் 1917இல் பிறந்த இந்தத் தமிழ்ப் பெண், ஜப்பானியப் படையெடுப்பின்போது குடும்பத்துடன் கோயம்புத்தூருக்கு அகதியாக வந்து சேர்ந்தவர். பிறகு வெளிநாடுகளில் படித்து, டில்லி லேடி ஹார்டிஞ்சு மருத்துவக் கல்லூரியில் பணியில் சேர்ந்தார். இந்தியாவின் முதல் பெண் இதய மருத்துவர் என அறியப்பட்டவர். 2020இல் 103 வயதில் மறைந்தார்.

நுரையீரல் கெட்டு, அதன் சுமையால் இதயத்தின் வலப்பக்கம் வீங்கிச் செயலிழக்கும் நோயை அவர் டில்லியில் தொடர்ந்து கண்டார். மேலைநாடுகளில் அது பெரும்பாலும் புகைபிடிக்கும் ஆண்களின் நோய். டில்லியிலோ புகையே பிடிக்காத பெண்களுக்கும் ஆண்களுக்கு நிகராக வந்தது. அதுவும் இளம் வயதிலேயே வந்தது. பத்மாவதியும் அவருடைய சக ஆய்வாளரும் 1959இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இதைப் பதிவு செய்தது. வரட்டியும் விறகும் எரியும் சமையலறையில் பெண்கள் நாள்தோறும் மணிக்கணக்கில் இழுத்த புகையின் மீது சந்தேகம் விழுந்தது. வீட்டுப் புகைக்கும் இதயத்துக்கும் உள்ள உறவை உலகம் விவாதிக்கத் தொடங்கியதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே இங்கே அந்தக் கோடு போடப்பட்டுவிட்டது.

நுண்துகள் அளவைக்கு வந்தபோது

இதயம் பற்றிய ஐயத்தைப் பெரும்பாலும் தீர்த்தது அமெரிக்காவின் ஆறு நகரங்களில் ஹார்வர்டு பல்கலைக்கழகம் நடத்திய நெடுநாள் ஆய்வு. 8,111 பேரைப் பதினான்கு முதல் பதினாறு ஆண்டுகள் பின்தொடர்ந்து, 1993இல் அதன் முடிவு வெளியானது. புகைபிடித்தல் முதலானவற்றைக் கழித்துப் பார்த்த பிறகும், மிக மாசடைந்த ஸ்டூபன்வில் நகரில் இறப்பு வாய்ப்பு மிகத் தூய நகரைவிட 26 சதவீதம் கூடுதலாக இருந்தது. இந்தக் கூடுதல் இறப்பு நுண்துகள் அளவோடு மிக நெருக்கமாகப் பொருந்தியது. குறிப்பாக இதய, நுரையீரல் நோய் மரணங்களோடு அதன் தொடர்பு தெளிவாகத் தெரிந்தது.

நுண்துகள் என்பது 2.5 மைக்ரான் அல்லது அதற்கும் குறைந்த விட்டம் கொண்ட துகள். தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குதான் இருக்கும். மூக்கும் தொண்டையும் இதைப் பிடித்து நிறுத்த முடியாது. நுரையீரலின் காற்றறைகள் வரை சென்று படிந்து, அங்கே அழற்சியைக் கிளப்புகிறது. அழற்சிப் பொருள்கள் இரத்தத்தில் கலக்கின்றன. இரத்தக் குழாயின் உட்சுவர் விறைக்கிறது, இரத்தம் எளிதில் உறைகிறது, இதயத் துடிப்பைக் கட்டுப்படுத்தும் நரம்புகளின் சமநிலை குலைகிறது. பாஸ்டனில் மாரடைப்பு வந்தவர்களை ஆராய்ந்து 2001இல் வெளியான ஆய்வு, நுண்துகள் கூடிய இரண்டே மணி நேரத்துக்குள் மாரடைப்பு வாய்ப்பு உயர்வதைக் காட்டியது. அமெரிக்க இதயச் சங்கம் 2004இல் எச்சரித்து, 2010இல் நுண்துகளுக்கும் இதய நோய்க்கும் உள்ளது காரண-காரிய உறவே என்ற நிலைக்கு வந்தது.

ஹைதராபாத்தை ஒட்டிய 28 கிராமங்களில் நடந்த ஆய்வு இதை நம் ஊர்ச் சூழலிலும் சோதித்தது. அதிக நுண்துகள் உள்ள இடத்தில் வாழ்ந்தவர்களின் கழுத்துத் தமனிச் சுவர் கூடுதலாகத் தடித்திருந்தது. புகை என்றால் நகரத்துப் பிரச்சினை என்ற எண்ணத்தை அந்தக் கிராமங்கள் பொய்யாக்கின.

சிறுநீரகம் வெளிச்சத்துக்கு வந்த கதை

இதயம் வெளியே தள்ளும் இரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் சிறுநீரகங்களுக்குப் போகிறது. இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்கு 180 லிட்டர் நீர்மத்தை வடிகட்டுகின்றன. இரத்தத்தில் கலந்தது எதுவானாலும் இந்த வடிகட்டிகளைத் தொடாமல் போகாது. இருந்தும் ஆய்வாளர்கள் சிறுநீரகத்தின் பக்கம் திரும்பத் தாமதமானது. அதன் சேதம் வலி தராமல், பல ஆண்டுகள் சத்தமின்றி வளர்வது இதற்கு ஒரு காரணம்.

சீனாவில் 282 நகரங்களைச் சேர்ந்த 938 மருத்துவமனைகளின் 71,151 சிறுநீரகத் திசுச் சோதனைகளை அலசிய ஆய்வு 2016இல் வெளியானது. சிறுநீரகச் சல்லடையின் சவ்வு தடித்துப் புரதம் ஒழுகும் ஒரு நோய், காற்றில் நுண்துகள் கனமீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடும்போதெல்லாம் 14 சதவீதம் அதிகரித்தது. அடுத்ததாக வந்தது அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் ஆய்வு. ஏறத்தாழ 25 இலட்சம் பேரைச் சராசரியாக எட்டரை ஆண்டுகள் தொடர்ந்த அந்த ஆய்வில், அதே 10 மைக்ரோகிராம் உயர்வு நாட்பட்ட சிறுநீரக நோயின் வாய்ப்பை 27 சதவீதமும், சிறுநீரகம் முற்றிலும் செயலிழக்கும் அல்லது அதன் வடிகட்டும் திறன் பாதியாகக் குறையும் நிலையின் வாய்ப்பை 26 சதவீதமும் கூட்டியது.

இவையெல்லாம் புள்ளியியல் தொடர்புகள். துகள் உண்மையாகவே உள்ளே பயணிக்கிறதா என்பதை எடின்பரோ ஆய்வாளர்கள் 2017இல் நேரடியாகக் காட்டினர். உடலுக்குக் கெடுதி செய்யாத தங்க நுண்துகள்களைத் தன்னார்வலர்கள் சுவாசித்தனர். 15 நிமிடத்திலிருந்து ஒரு நாளுக்குள் அந்தத் தங்கம் அவர்களின் இரத்தத்திலும் சிறுநீரிலும் தென்பட்டது. மூன்று மாதம் கழித்தும் இருந்தது. கழுத்துத் தமனியில் கொழுப்புப் படிவை அகற்றும் அறுவைச் சிகிச்சைக்கு வந்த நோயாளிகளிடம் எடுத்த படிவிலும் அது சேர்ந்திருந்தது. மூச்சில் போன துகள் தமனி நோயின் இடத்தையும் சிறுநீரகத்தின் வழியையும் ஒருசேரத் தொட்டதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

சர்க்கரை நோய் இந்தச் சங்கிலியின் இன்னொரு கண்ணி. சென்னையிலும் டில்லியிலும் 12,000 பேருக்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து, 2023இல் வெளியான ஆய்வில், ஆண்டுச் சராசரி நுண்துகள் 10 மைக்ரோகிராம் கூடினால் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 22 சதவீதம் உயர்ந்தது. சிறுநீரகத்தை அழிப்பதில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும்தான் முன்வரிசையில் நிற்கின்றன. இதயம், சிறுநீரகம், சர்க்கரை மூன்றையும் ஒரே நோய்த்தொகுதியாகப் பார்க்க வேண்டும் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2023 அக்டோபரில் அறிவித்தது.

தமிழ்நாடு அளந்தது என்ன?

சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தில் பேராசிரியர் கல்பனா பாலகிருஷ்ணன் தலைமையிலான குழு, தமிழகக் கிராமத்து அடுப்படிகளின் புகையை அளந்து 2002இல் வெளியிட்டது. ஊதுகுழலை வாயில் வைத்து, கண்ணீர் வழிய, நெருப்புக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருக்கும் பெண்ணின் மூச்சு அப்போதுதான் எண்ணாக மாறியது. அதே குழு சென்னை நகரின் அன்றாடத் துகள் அளவையும் இறப்புப் பதிவேட்டையும் ஒப்பிட்டு, 2011இல் வெளியான அறிக்கையில், 10 மைக்ரான் துகள் ஒவ்வொரு 10 மைக்ரோகிராம் கூடும்போதும் இறப்பு 0.4 சதவீதம் உயர்வதைக் கண்டது.

திருவண்ணாமலைக்குப் பக்கத்து மாவட்டமான விழுப்புரமும், நாகப்பட்டினமும் நான்கு நாடுகளில் நடந்த ஒரு பெரிய சோதனையின் இந்தியக் களங்களாயின. 3,200 கர்ப்பிணிகளில் பாதிப்பேருக்கு எரிவாயு அடுப்பும் சிலிண்டரும் இலவசமாகத் தரப்பட்டன. மற்றவர்கள் சுவாசித்த நுண்துகள் 70 மைக்ரோகிராம் அளவில் இருக்க, இவர்கள் சுவாசித்தது 24 அளவில்தான் இருந்தது. ஆனால் 2022இல் வெளியான முடிவில் பிறந்த குழந்தைகளின் எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அடுப்பு மாறினாலும் வீட்டுக்கு வெளியே இருக்கும் காற்று மாறவில்லை என்பதையும் இதோடு சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2021இல் ஆண்டுச் சராசரி நுண்துகளுக்கு வைத்த வரம்பு 5 மைக்ரோகிராம். இந்தியாவின் 2009ஆம் ஆண்டுத் தரநிலை 40. நாட்டின் 655 மாவட்டங்களின் இறப்புத் தரவை 2009 முதல் 2019 வரை ஆராய்ந்த ஆய்வு, 10 மைக்ரோகிராம் உயர்வுக்கு 8.6 சதவீத இறப்பு உயர்வைக் கண்டது. இந்தியத் தரநிலைக்கு உள்ளே இருக்கும் மாவட்டங்களுக்கும் ஆபத்து உண்டு என்பதே அதன் சாரம்.

கோயில் நகருக்கு இதில் என்ன?

2019 ஜனவரியில் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டம் ஏறத்தாழ 130 நகரங்களைக் கொண்டது. தமிழகத்திலிருந்து சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி ஆகியவை அதில் உள்ளன. திருவண்ணாமலை இல்லை. டில்லியோடு ஒப்பிட்டால் இங்கு காற்று நல்லதுதான். ஆனால் இங்கே பிரச்சினை ஆண்டுச் சராசரியில் தெரியாது. பௌர்ணமி இரவில் சில மணி நேரத்துக்குள் வந்து குவியும் பேருந்துகளும் கார்களும், ஆரணிப் பக்கத்து அரிசி ஆலைகளில் நெல் வேகவைக்க எரியும் உமியும், கிராமங்களில் இன்னும் அணையாத விறகு அடுப்பும் குறிப்பிட்ட இடங்களிலும் நேரங்களிலும் புகையைக் குவிக்கின்றன.

கார்த்திகை தீபத்தை இந்தக் கணக்கில் முதல் குற்றவாளியாக நிறுத்துவது சரியாகாது. 2,668 அடி உயர மலையுச்சியில் கொப்பரையில் எரியும் நெய்யின் புகை, நடப்பவரின் மூக்குக்கு எட்டாத உயரத்தில் காற்றோடு கலைகிறது. அடியவர் இழுப்பது தரைமட்டப் புகை. சாம்பிராணி, ஊதுவத்தி, கற்பூரம் ஆகியவற்றை மூடிய அறையில் நெடுங்காலம் எரிப்பதுதான் தனியாகக் கவனிக்கத்தக்கது. சிங்கப்பூரில் 63,257 சீனரைத் தொடர்ந்த ஆய்வில், வீட்டில் நீண்டகாலம் ஊதுவத்தி எரித்தவர்களிடம் இதய, இரத்தக்குழாய் நோய் மரணம் 12 சதவீதம் கூடுதலாக இருந்தது. கருவறையில் மணிக்கணக்கில் நிற்கும் அர்ச்சகர்களுக்கும், ஜன்னலில்லாப் பூசையறை உள்ள வீடுகளுக்கும் இது ஓர் எச்சரிக்கை.

கிரிவலத்துக்கு மிக நெருக்கமான ஆய்வு இலண்டனில் நடந்தது. அறுபதைத் தாண்டிய 119 பேரை இரண்டு மணி நேரம் நடக்கவிட்டார்கள். ஒருமுறை ஹைட் பார்க் பூங்காவில், இன்னொரு முறை டீசல் பேருந்துகள் ஓடும் ஆக்ஸ்ஃபோர்டு தெருவில். பூங்கா நடையில் தமனிகள் நன்றாக இளகின. அந்த நன்மை மறுநாளும் நீடித்தது. தெரு நடையிலோ அந்த நன்மை பெருமளவு காணாமல் போனது. நடையின் பலனை வாகனப் புகை தின்றுவிடுகிறது என்று இதற்குப் பொருள். பாதையில் வண்டி ஓடாத கிரிவலம் உண்மையிலேயே இதயத்துக்கு மருந்து.

மாசைத் தற்காலிகமாகக் குறைத்தாலும் பலன் உண்டா? 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கின்போது ஆலைகளும் வாகனங்களும் கட்டுப்படுத்தப்பட்டன. 125 இளைஞர்களின் இரத்தத்தில் உறைதலையும் அழற்சியையும் காட்டும் சில குறியீடுகள் அந்த வாரங்களில் குறைந்தன. கட்டுப்பாடு தளர்ந்ததும் பல மீண்டும் ஏறின. கார்த்திகை தீபத்தன்று நகருக்கு வெளியே தற்காலிகப் பேருந்து நிலையங்கள் அமைத்து வாகனங்களை நிறுத்தும் அனுபவம் மாவட்ட நிர்வாகத்துக்கு ஏற்கெனவே இருக்கிறது.

மூன்று காரியங்கள் உடனே செய்யத்தக்கவை. முதலாவது, வாயு லிங்கம் அருகிலும் பேருந்து நிலையத்திலும் நுண்துகள் அளவைக் கருவி வைத்து, பௌர்ணமி நாள் அளவைத் தனியே பொதுமக்களுக்கு வெளியிட வேண்டும். இரண்டாவது, பௌர்ணமி இரவுகளில் பாதையை அவசர ஊர்தி தவிர எல்லா வாகனங்களுக்கும் மூட வேண்டும்; குப்பை எரிப்பதை நிறுத்த வேண்டும். மூன்றாவது, 2021 ஆகஸ்டு முதல் வீடு தேடி வந்து அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் மக்களைத் தேடி மருத்துவம் பணியாளர்கள், விறகடுப்பு எரியும் வீடுகளில் சிறுநீர்ப் புரதச் சோதனையையும் சேர்த்துச் செய்ய வேண்டும். சிறுநீரக நோய் தொடக்கத்திலேயே தென்பட்டால் மருந்தால் தள்ளிப்போட முடியும். டயாலிசிஸ் கட்டிலில் படுத்த பிறகு அந்த வாய்ப்பு இல்லை. கிரிவலம் வருகிற சர்க்கரை, அழுத்த நோயாளிகளும் காத்திருக்க வேண்டாம்: வாகன நெரிசல் குறைந்த அதிகாலையில் நடந்து வாருங்கள், ஆண்டுக்கு ஒருமுறையாவது இரத்தத்தில் கிரியாட்டினின் அளவும் சிறுநீர்ப் புரதமும் பார்த்துக்கொள்ளுங்கள்.