எல்லைக்கோட்டுக்கு வெளியிலிருந்து: கிரிக்கெட் படப்பிடிப்பில் வேகம், துளை, ஐ.எஸ்.ஓ.

1. களமும் கேள்வியும்

ஆண்களின் பன்னாட்டு ஆட்டங்களில் எல்லைக்கோடு, ஆடுகளத்தின் நடுவிலிருந்து சுமார் 59 முதல் 82 மீட்டருக்குள் அமைய வேண்டும் என்பது விதி. புகைப்படக்காரருக்கு இடம் அதற்கும் வெளியே, விளம்பரப் பலகையை ஒட்டி. மட்டையாளர் 75 மீட்டர் தள்ளி நிற்பதாகக் கொள்வோம். ஃபுல் ஃபிரேம் கேமராவில் 400 மி.மீ. லென்ஸ் அங்கே 6.75 மீட்டர் அகலத்தைப் பிடிக்கும். ஷட்டர் வேகம், துளை, ஐ.எஸ்.ஓ. மூன்றில் எதை முதலில் முடிவு செய்வது? வேகத்தை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2. துளை

துளையை அகலத் திறந்தால் ஃபோகஸ் ஆழம் மெலியும் என்ற அச்சம், இரண்டு மீட்டரில் முகம் எடுப்பவருக்குப் பொருந்தும். 75 மீட்டரில், 400 மி.மீ. லென்ஸை எஃப் 2.8இல் திறந்தாலும் ஏறத்தாழ 6 மீட்டர் ஆழம் தெளிவாக விழும். மட்டையாளரும் ஸ்டம்பும் அதற்குள் அடக்கம். திறந்தே வைக்கலாம், பின்னாலுள்ள கேலரி கரைந்துபோவது கூடுதல் லாபம்.

3. வேகம்

மணிக்கு 140 கி.மீ. வேகப் பந்து நொடிக்கு 39 மீட்டர் பாய்கிறது. 1/1000 நொடியில் 3.9 செ.மீ. நகரும், பந்தின் விட்டமோ 7 செ.மீ.தான். அதாவது பாதிக்கு மேல் இழுபடும். 1/2000இல் இது 2 செ.மீ., 1/4000இல் 1 செ.மீ. குறுக்கே போகும் பந்துக்கே இந்தக் கணக்கு. லென்ஸை நோக்கி வருவது அவ்வளவு இழுபடாது. லென்ஸிலுள்ள அதிர்வுத் தடுப்பு நம் கை நடுக்கத்தைத்தான் அடக்கும், ஆட்டக்காரரின் அசைவை அல்ல.

என் தேர்வு 1/2000. 1/4000இல் பந்து நூலில் கட்டித் தொங்கவிட்டதுபோல் உறைந்துவிடுகிறது. மட்டை நுனியில் சிறு இழுப்பு இருந்தால்தான் அடி விழுந்தது தெரியும். எலக்ட்ரானிக் ஷட்டரில் இன்னொரு வம்பு: சென்சார் வரிவரியாகப் படிப்பதால் நேரான மட்டையும் வளைந்து தெரியும். 2023இல் அறிவிக்கப்பட்ட சோனி ஏ9 III, சென்சார் முழுவதையும் ஒரே கணத்தில் படித்து இதைத் தீர்த்தது.

4. ஐ.எஸ்.ஓ.

மிச்சக் கணக்கை இது கட்டும். உச்சி வெயிலில் எஃப் 2.8, 1/3200க்கு ஐ.எஸ்.ஓ. 100 போதும். இரவில் விளக்கொளி 2000 லக்ஸ் என்றால் எஃப் 2.8, 1/2000க்கு 2000 வேண்டும், எஃப் 5.6 லென்ஸ் வைத்திருப்பவருக்கு 8000. ஏற்றத் தயங்க வேண்டாம். நாய்ஸை மென்பொருளில் குறைக்கலாம். இழுபட்ட முகத்தை மீட்க முடியாது. கேலரியின் நிழல் மைதானத்தைப் பிளக்கும் மாலையில், வெயிலில் ஓடத் தொடங்கும் பந்துவீச்சாளர் நிழலில் வந்து வீசுவார். அப்போது வேகத்தையும் துளையையும் மேனுவலில் பூட்டி, ஐ.எஸ்.ஓ.வை மட்டும் ஆட்டோவில் விடுவது உத்தமம்.

5. அமைப்புக்கு அடங்காதது

சேப்பாக்கத்தின் மே மாத மதியத்தில் ஆடுகளத்தின் மேல் காற்று நெளியும். படத்தைப் பெரிதாக்கினால் முகம் தண்ணீருக்குள் இருப்பதுபோல் குழம்பியிருக்கும். புதியவர்கள் ஃபோகஸைத் திட்டுவார்கள், லென்ஸை மாற்றுவார்கள். வெயில் சாய்ந்து தரை ஆறும்வரை அது தெளியாது.