வயது 28, வயது 30

லிங்டோ குழு அறிக்கையின்படி, ஆராய்ச்சி மாணவர் ஒருவர் மாணவர் சங்கத் தேர்தலில் நிற்க வேண்டுமானால் வயது 28-ஐத் தாண்டியிருக்கக் கூடாது. டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் (ஜே.என்.யு.) அதே உச்சவரம்பு 30. நாடு முழுவதற்கும் ஒரே விதி என்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு இந்த இரண்டு வருட வித்தியாசம் எப்படி வந்தது?

கேள்வியைக் கிளப்பியவர் என் சித்தப்பா மகள். 31 வயது. குன்னத்தூரிலிருந்து தினமும் திருப்பூர் போய் ஏற்றுமதி நிறுவனமொன்றில் மெர்ச்சண்டைசராக வேலை பார்க்கிறார். பிளஸ் டூ முடித்ததும் பனியன் கம்பெனியில் செக்கிங்குக்குப் போய், இளங்கலையை அஞ்சல் வழியில் முடித்து, முதுகலையும் அப்படியே படித்து, இப்போது பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வாளர். அவர் படிக்கும் இடத்தில் பகுதிநேர ஆய்வாளர்களின் குறையைக் கேட்க ஆளில்லை. மாணவர் பிரதிநிதி என்று ஒருவர் இருக்கிறார். அவரைத் துறையில்தான் நியமித்தார்கள். “ஏனுங்ணா, நாங்களே ஒரு சங்கம் வெச்சு எலக்‌ஷன் நடத்துனா நானு நிக்க முடியுங்களா?” என்று கேட்டார். ஆவணங்களைப் புரட்டுவதே தொழிலாகிப்போனவனிடம் இப்படிக் கேட்டால் பதில் ஆமாம், இல்லை என்று நிற்காது.

பழைய தாள்களைத் தேடும்போது கடைசியில் வந்த தாளிலிருந்து பின்னோக்கிப் போவது என் வழக்கம். ஜே.என்.யு.வில் 2012 மார்ச் 1 அன்று வாக்குப்பதிவு நடந்து சுசேதா டே தலைவரானார். அதற்கு முந்தைய தேர்தல் 2007-இல். இடைப்பட்ட காலத்தில் அங்கே புதிதாக ஒரு சங்கம் தேர்ந்தெடுக்கப்படவே இல்லை. 2012 தேர்தலுக்கு வழிவிட்டது 2011 டிசம்பர் 8 தேதியிட்ட உச்ச நீதிமன்ற உத்தரவு. வழக்கில் நீதிமன்றத்துக்கு உதவிய மூத்த வழக்கறிஞர் கோபால் சுப்ரமணியத்தின் யோசனைகளை ஏற்று சில தளர்வுகளை அது அளித்தது. ஆராய்ச்சி மாணவருக்கு 28 என்பது 30 ஆனது அங்கேதான்.

அந்தத் தளர்வை யாரும் தானாகத் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. இன்னும் பின்னால் போனால் 2008 அக்டோபர் 24 தேதியிட்ட உச்ச நீதிமன்றத் தடையுத்தரவு கிடைக்கிறது. லிங்டோ விதிகளைப் பின்பற்றவில்லை என்பதால் நவம்பரில் நடக்கவிருந்த ஜே.என்.யு. தேர்தலை நிறுத்தினார்கள். அந்த மாணவர்கள் பின்பற்றியது 1971 முதல் தங்கள் கையிலிருந்த சங்கச் சட்டத்தை. அதன்படி தேர்தலை நடத்துவது நிர்வாகமல்ல, மாணவர்களே. பொதுக்குழு கூடும், தேர்தல் குழுவுக்கு மாணவர்கள் முன்வருவார்கள், அந்தக் குழுவில் சேர்ந்தவர் போட்டியிட முடியாது. வேட்புமனு, பரிசீலனை, தலைவர் வேட்பாளர்களின் இரவு விவாதம், வாக்குச்சீட்டு எண்ணிக்கை எல்லாம் அவர்கள் பொறுப்பு. சுவர்களில் கையால் வரைந்த ஓவியங்கள்தான் பிரசாரம். அச்சிட்ட சுவரொட்டி கூடாது, கையால் எழுதியதே செல்லும் என்று லிங்டோ குழு விதி எழுதுவதற்கு வெகுகாலம் முன்பே அங்கே அதுதான் நடைமுறை. சிறிய வளாகங்களில் நேரடித் தேர்தல் நடத்தலாம் என்பதற்கு அறிக்கை காட்டும் முன்மாதிரிகளில் ஜே.என்.யு.வும் ஒன்று. குழுவின் உறுப்பினர்களில் ஒருவரான ஜோயா ஹசனும் அப்போது அங்கே அரசியலறிவியல் பேராசிரியர். எந்த வளாகத்தைப் பார்த்து விதி எழுதினார்களோ, அந்த வளாகமே மூன்று ஆண்டுகளுக்கு மேல் விதியால் முடங்கிக் கிடந்தது.

இனி அறிக்கைக்கு வருவோம். கேரளப் பல்கலைக்கழகமும் கல்லூரி முதல்வர்கள் மன்றமும் மாணவர் தேர்தல் தொடர்பாக உச்ச நீதிமன்றத்தில் எதிரெதிரே நின்ற வழக்கில்தான் இந்த அறிக்கையின் கதை தொடங்குகிறது. 2005 டிசம்பர் 2 அன்று, ஒரு குழு அமைக்குமாறு மனிதவள மேம்பாட்டுத் துறைக்கு நீதிமன்றம் உத்தரவிட்டது. தலைவராக வந்தவர் ஜே.எம். லிங்டோ. 2001 முதல் 2004 வரை தலைமைத் தேர்தல் ஆணையர். 2002-இல் ஜம்மு காஷ்மீர், குஜராத் தேர்தல்களை நடத்தியவர். 2006 மே மாதம் அறிக்கை வந்தது. ஆகஸ்ட் 26 அன்று உஜ்ஜைன் மாதவ் கல்லூரியில் மாணவர் தேர்தல் தகராறில் பேராசிரியர் சபர்வால் உயிரிழந்தார். செப்டம்பர் 22 அன்று அறிக்கையை உடனே நடைமுறைப்படுத்தும்படி நீதிமன்றம் சொல்லிவிட்டது. இந்தத் தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் அறிக்கைக்குள் ஓடும் பயம் புரிகிறது. பணம், அடியாள், ஆண்டுக்கணக்கில் பட்டம் வாங்காமல் வளாகத்திலேயே குடியிருக்கும் ‘நிரந்தர மாணவர்’ ஆகியவற்றுக்கு எதிராக எழுதப்பட்டது அது. ஒரு வேட்பாளர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவழிக்கக் கூடாது. முடிவு வந்த இரண்டு வாரத்துக்குள் தணிக்கை செய்த கணக்கைக் கொடுக்க வேண்டும். மனுத்தாக்கல் முதல் முடிவு வரை பத்து நாளுக்குள் எல்லாம் முடிய வேண்டும். நிர்வாகிப் பதவிக்கு ஒருவர் ஒரே ஒருமுறைதான் நிற்கலாம்.

வயது வரம்பும் அதே பயத்தில் வந்ததுதான். இளங்கலைக்கு 17 முதல் 22 வரை. முதுகலைக்கு ‘24-25’ என்றே எழுதியிருக்கிறது. 24-ஆ, 25-ஆ? ஆணையராக இருந்தபோது இப்படி ஒரு வரியை எந்த மாவட்ட ஆட்சியராவது அனுப்பியிருந்தால் லிங்டோ திருப்பி அனுப்பியிருப்பார். ஆராய்ச்சிக்கு 28.

இந்த 28-ஐக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 18-இல் பள்ளி முடிகிறது. 21-இல் இளங்கலை, 23-இல் முதுகலை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகள் முனைவர் பட்டத்துக்கு ஆறு ஆண்டு வரை அனுமதிக்கின்றன. மறுபதிவு செய்தால் மேலும் இரண்டு. பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அதற்கு மேலும் இரண்டு. ஒரு நாள்கூட வீணாக்காமல் படித்தவர்கூட ஆறாம் ஆண்டை முடிக்கும்போது 29. நுழைவுத் தேர்வுக்கு ஓராண்டு, வீட்டுக்காக வேலைக்குப் போனது இரண்டாண்டு, பிள்ளைப்பேறு ஓராண்டு என்று சேர்த்தால் போட்டியிடும் தகுதி ஆய்வின் பாதியிலேயே போய்விடும். ‘நிரந்தர மாணவரை’ப் பிடிக்க விரித்த வலையில் சாதாரண ஆய்வாளரும் சிக்குகிறார், 2011 தளர்வு அவரைச் சற்று நேரம் வெளியே விடுகிறது, அவ்வளவுதான். அந்தத் தளர்வும் ஜே.என்.யு. வழக்கில் பிறந்தது.

குன்னத்தூரில் இந்த எண்கள் வேறு விதமாக விழுகின்றன. நம் பக்கத்தில் பெண்பிள்ளைகள் பலருக்குப் படிப்பும் வேலையும் ஒன்றன்பின் ஒன்றாக வருவதில்லை. ஒன்றரை ஷிப்ட் ஓட்டிவிட்டு வந்து பாடத்தைத் திறப்பவர்கள், திருமணத்துக்குப் பின் மறுபடி பதிவு செய்பவர்கள், சனிக்கிழமைச் சம்பளத்தில் தேர்வுக் கட்டணம் கட்டுபவர்கள் இங்கே அதிசயமல்ல. இவர்கள் ஆய்வுக்கு வந்து சேரும்போதே முப்பதை நெருங்கியிருப்பார்கள்.

சித்தப்பா மகளுக்குச் சொல்ல 30 என்ற எண்ணோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றிருந்தேன். 31 அதையும் தாண்டிவிட்டது. ஆனால் வேட்பாளர் தகுதிப் பிரிவை முழுக்கப் படித்தபோது வயதைவிடப் பெரிய பூட்டு அதன் கடைசிப் பக்கம் கிடந்தது: வேட்பாளர் முழுநேர மாணவராக இருக்க வேண்டும், தொலைநிலைக் கல்வியில் படிப்பவர் நிற்க முடியாது. வருகைப்பதிவு 75 விழுக்காடு, அல்லது பல்கலைக்கழகம் நிர்ணயித்தது, இரண்டில் எது அதிகமோ அது. 22 வயதுப் பெண்ணாக இருந்தாலும் பகுதிநேரம் என்றால் கதவு மூடிவிடும். மானியக் குழுவின் 2022 விதிகளோ பகுதிநேர முனைவர் பட்டத்தை வெளிப்படையாக அனுமதித்து, வேலை கொடுப்பவரிடமிருந்து தடையில்லாச் சான்று வாங்கி வரச் சொல்கின்றன. கட்டணம் வாங்கும்போது ஆய்வு மாணவர். மனு போடும்போது இல்லை.

இதைச் சொன்னதும் அவர் கேட்டார்: “அப்போ நம்மூர் பேரூராட்சிக்கு நிக்கலாம். எம்.பி.க்குக்கூட நிக்கலாம். படிக்கிற எடத்துல மட்டும் ஆகாதுங்களா?” ஆகாதுதான். பேரூராட்சி உறுப்பினராக 21 வயது போதும், மக்களவைக்கு 25. இரண்டுக்கும் உச்சவரம்பு கிடையாது, முழுநேர ஆளாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது.

தமிழில் தேர்தல் பற்றி எழுதுகிறவர் உத்திரமேரூர் பக்கம் போகாமல் திரும்பக் கூடாது என்று எழுதாத விதி ஒன்று இருக்கிறது. நானும் போனேன், ஆனால் பெருமை பேச அல்ல. அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துத் தேர்தல் விதிகள் இரண்டு உள்ளன: ஒன்று 919, மற்றது 921. முதலாவதில் வாரிய உறுப்பினராக வயது 30-க்கு மேல், 60-க்குக் கீழ். இரண்டாவதில் 35-க்கு மேல், 70-க்குக் கீழ். இரண்டே ஆண்டில் திருத்திவிட்டார்கள்! பிராமண ஊர், சொந்த மனையில் வீடு, கால் வேலி நிலம், வேதப் பயிற்சி என்று அடைத்துவைத்த வட்டத்துக்குள் நடந்த தேர்தல் அது. பெண்ணுக்கோ உழுதவனுக்கோ அதில் இடமில்லை. ஆனாலும், விதி சரிப்படவில்லையென்றால் சபை கூடி மாற்றி எழுதலாம் என்று அந்தச் சபைக்குத் தெரிந்திருந்தது. கடந்த மூன்று ஆண்டில் வாரியத்தில் இருந்தவருக்கும், இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவருக்கும் குடவோலையில் பெயர் போடக் கூடாது என்றும் அதே சுவரில் இருக்கிறது. ஆள் மாறுவதற்கும் கணக்குக் கேட்பதற்கும் வழி எழுதிவைத்திருக்கிறார்கள்.

ஆள் மாறுவதைப் பற்றி லிங்டோ அறிக்கையிலும் ஒரு வரி உண்டு, பலர் கண்ணில் படாமல். தேர்தல் முடிந்து இரண்டு மாதத்துக்குள் முக்கியப் பதவி காலியானால் மறுதேர்தல். அதற்குப் பிறகு காலியானால் துணைத் தலைவர் தலைவராவார், இணைச் செயலர் செயலராவார். ஆய்வாளர் சங்கத்துக்கு இது ஏட்டுக் கேள்வி அல்ல. தலைவர் ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டுப் போய்விடுவார், களப்பணிக்கு ஆறு மாதம் கிளம்பிவிடுவார், வேலை கிடைத்துவிடும். இதற்கு விடையில்லாத சங்கம் முதல் தலைவரோடு முடிந்துபோகும். ஜே.என்.யு.விலேயே 2019 செப்டம்பரில் தேர்ந்தெடுத்த சங்கத்துக்குப் பின் அடுத்த தேர்தல் 2024 மார்ச்சில்தான் நடந்தது. இடையில் கொரோனா, பிறகு இழுபறி. ஓராண்டுக்கென்று வாங்கிய வாக்கு நான்கரை ஆண்டு நீண்டது.

தேர்தலே நடக்காமல் நாற்காலி மட்டும் நடப்பது குன்னத்தூருக்குப் புதிதல்ல. 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தபின் 2022 பிப்ரவரி 19 தேர்தல் வரை தமிழ்நாட்டு நகர்ப்புற உள்ளாட்சிகள் தனி அலுவலர்கள் கையில் இருந்தன. குப்பை அள்ளினார்கள், வரி வாங்கினார்கள். யாரிடம் போய்ச் சண்டை போடுவது என்பதுதான் ஊருக்குத் தெரியவில்லை. நியமிக்கப்பட்ட மாணவர் பிரதிநிதியின் நிலையும் அதுவே: அவர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் அடுத்த ஆண்டு அவரை மாற்றும் அதிகாரம் மாணவரிடம் இல்லை.

தமிழ்நாட்டிலேயே இதற்கு மாற்று இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் மாணவர் சட்டமன்றம் ஒன்றும், அதற்கொரு அவைத்தலைவரும், ஆய்வு மாணவர்களுக்கென்றே ‘ஆராய்ச்சி விவகாரச் செயலர்’ பதவியும் உண்டு. ஆய்வாளரின் சிக்கல் விடுதிச் சாப்பாட்டுச் சிக்கலிலிருந்து வேறானது என்று ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது. ஆனால் அது பெரும்பாலும் முழுநேர ஆய்வாளர்கள் வளாகத்திலேயே தங்கிப் படிக்கும் இடம். கம்பெனி விட்டு வருகிறவரின் சங்கத்துக்கு அதை அப்படியே பெயர்க்க முடியாது. வாரநாள் மாலையில் வாக்குப்பதிவு வைத்தால் ஷிப்மெண்ட் நேரத்தில் யார் வருவார்?

லிங்டோ அறிக்கையில் இன்னொரு வரி என் தேடலின் திசையை மாற்றியது. வளாகச் சூழல் தேர்தலுக்கு ஒத்துவராத இடத்தில் நியமனம் செய்துகொள்ளலாம், ஆனால் அது இடைக்கால ஏற்பாடே. ஐந்து ஆண்டுக்குள் எல்லா நிறுவனங்களும் நியமனத்திலிருந்து தேர்தலுக்கு மாறிவிட வேண்டும். 2006-இலிருந்து எண்ணினால் அந்தக் கெடு 2011-இல் முடிந்துவிட்டது. ஜே.என்.யு.வுக்குத் தளர்வு வந்த அதே ஆண்டு.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேள்வி கேட்கலாம். முப்பது நாளில் பதில் தர வேண்டும். சித்தப்பா மகள் தன் பல்கலைக்கழகத்துக்கு மனு எழுதியிருக்கிறார். மூன்று கேள்விகள்: ஆராய்ச்சி மாணவர் பிரதிநிதியை எந்த விதியின்படி நியமிக்கிறீர்கள்? நியமனத்திலிருந்து தேர்தலுக்கு மாற எடுத்த முடிவின் நகல் உண்டா? பகுதிநேர ஆய்வாளருக்கு வாக்குரிமை உண்டா? நான்காவதாகத் தன் வயதைப் பற்றி ஒன்று எழுதி, பின்பு அடித்துவிட்டார். அது நீதிமன்றத்தில் கேட்க வேண்டியது என்றார்.